வயித்துவலின்னு எழுதிக்கங்க

போன மாசம் ஒரு விசேஷத்துக்காக ஆரப்பாளையத்துல உசிலம்பட்டி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைச்சது, செல்போன்ல சார்ஜ் இல்லை. அதனால முன்சீட்டுல இருந்த ரெண்டு பெரியவங்க பேசுறதை ஒட்டுக்கேட்க வேண்டியதாப் போச்சு. (பாதிப் பதிவு நமக்கு அப்படித்தானே மக்களே கிடைக்குது.)

ஏதோ ஒரு கொலைக் கேசு. யாரு, எந்த ஊருன்னு எனக்குப் பிடிபடலை. செக்கானூரணி தாண்டுறப்போ ஒருத்தர் கேட்டார்.

"ஏன் மாமா, டாக்டரே எப்படிச் செத்துச்சுன்னு சொல்லமுடியலைன்னுட்டாராம்ல?"

"அப்புறம் என்னடா கேசு? எரிச்சாய்ங்க, முடிஞ்சுபோச்சு. கோர்ட்டுல டாக்டரு சொன்னாத்தான் சாவு. இல்லாட்டி ஒண்ணும் நிக்காது."

கேட்டவரும் தலையாட்டிட்டார். டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்த கண்டக்டரும் "ஆமாண்ணே"ன்னு ஒரு முத்திரை குத்திட்டுப் போனார்.

அந்த "எரிச்சாய்ங்க, முடிஞ்சுபோச்சு" மட்டும் காதுலயே நின்னுபோச்சு. பெரியவரைக் குறை சொல்லலை. நம்மள்ல நிறையப் பேர் நம்புறதும் இதைத்தான். பிரேதம் இல்லைன்னா கொலை இல்லை, விஷம் கிடைக்கலைன்னா விஷம் வைக்கலை, டாக்டர் கையெழுத்து இல்லைன்னா வழக்கே இல்லை. சினிமா கோர்ட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேதவாக்கு மாதிரி ஆயிருச்சு. ஆனா இது தப்பு. அதுவும் நம்ம பக்கத்துல உயிரை வாங்குற தப்பு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

பூனா டாக்டரும் ஒரு ராத்திரி ரயிலும்

பூனாவுல லட்சுமிபாய் கார்வேன்னு ஒரு விதவை. சொத்து இருக்கு, சர்க்கரை வியாதி இருக்கு. அவங்க வீட்டுலயே குடியிருந்தவர் டாக்டர் அனந்த் சிந்தாமன் லாகு. அந்தம்மாவுக்கு வைத்தியம் பார்த்ததும் அவர்தான். 1956 நவம்பர் 12 ராத்திரி, பம்பாயில ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டுறேன்னு சொல்லி பாசஞ்சர் ரயில்ல கூட்டிட்டுப் போறார். காலையில ரயில் பம்பாய் போய்ச் சேர்றப்போ அந்தம்மாவுக்கு நினைவு இல்லை. ஜி.டி. ஆஸ்பத்திரியில சேர்க்கிறார். சேர்க்கும்போது கொடுத்த பேர் வேற, 'இந்துமதி'ன்னு. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள உயிர் போயிருச்சு.

அப்புறம் டாக்டர் ஊருக்குத் திரும்பிட்டார். உடலைக் கேட்டு யாரும் வரலை. உறவுக்காரங்களுக்குத் தகவலே போகலை. பத்து நாள் கழிச்சுத்தான் பிரேதப் பரிசோதனை. ரசாயனப் பரிசோதனையில விஷம் எதுவும் கிடைக்கலை. சர்க்கரை நோயால வந்த மயக்கத்துல சாவுன்னு காரணம் எழுதியாச்சு.

பஸ் பெரியவர் கணக்குப்படி கேசு இங்கேயே முடிஞ்சுபோச்சு. ஆனா முடியலை. செத்துப்போன அந்தம்மா பேர்ல ஊருக்குக் கடிதம் வந்துக்கிட்டே இருந்துச்சு: யாத்திரை போயிருக்கேன், மறுமணம் பண்ணிக்கிட்டேன், என்னைத் தேடாதீங்கன்னு. இன்னொரு பக்கம் சொத்தெல்லாம் ஒவ்வொண்ணா டாக்டர் கைக்குப் போச்சு. கடிதமெல்லாம் போலின்னு பின்னால தெரிஞ்சது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1959 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. விஷத்தோட பேர் கூட யாருக்கும் தெரியாது. ஆனாலும் நீதிபதி ஹிதாயதுல்லா எழுதின பெரும்பான்மைத் தீர்ப்பு தண்டனையை உறுதி செஞ்சது. அது சொன்னதோட சாரம் இதுதான். மருத்துவ அறிவுள்ள ஒருத்தன், சோதனையில சிக்காத மாதிரி ஒரு விஷத்தைக் கொடுத்து, தடயம் அழியுறவரைக்கும் உடலை யாரும் தேடாத மாதிரி ஏற்பாடும் பண்ணிட்டா, "சோதனையில சிக்கலை"ங்கிறதையே அவனுக்குப் பரிசாக் கொடுக்க முடியாது. பொய்ப் பேர், மறைச்ச சாவு, போலிக் கடிதம், கைமாறின சொத்து, எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்து, சாவுக்குக் காரணம் என்னன்னு கோர்ட்டே முடிவு பண்ணலாம்.

ஒரு விஷயத்தையும் மறைக்கக்கூடாது. அதே அமர்வுல இருந்த நீதிபதி சர்க்கார் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அது இயற்கைச் சாவே இல்லைன்னு நிரூபணம் ஆகலைங்கிறது அவர் பக்கம். அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். அதுக்குக் கீழே வர்றேன்.

விஷம் கிடைச்சும் விடுதலை

இப்ப இதுக்கு நேரெதிர் வழக்கு. அதுவும் பூனாவுல நடந்ததுதான். 1982 ஜூன்ல கல்யாணமாகி நாலு மாசமே ஆன ஒரு பொண்ணு செத்துப்போச்சு. பொட்டாசியம் சயனைடுன்னு மருத்துவம் தெளிவாச் சொல்லிருச்சு. கணவர் சரத் பிர்திசந்த் சார்தாவுக்குக் கீழ்க்கோர்ட்டு தூக்கு கொடுத்துச்சு, ஹைகோர்ட்டும் ஆமான்னுச்சு. 1984ல உச்ச நீதிமன்றம் விடுதலை பண்ணிருச்சு.

ஏன்? சயனைடுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அதை யாரு வாயில வச்சதுன்னு டாக்டரால சொல்ல முடியாதே! கொலையா, தற்கொலையா? சந்தர்ப்ப சாட்சியங்கள் ஒரு சங்கிலி மாதிரி முழுசாக் கோர்க்கணும், குற்றத்தைத் தவிர வேற எதையும் காட்டக்கூடாது, "செஞ்சிருக்கலாம்"ங்கிறது வேற "செஞ்சே இருக்கணும்"ங்கிறது வேறன்னு அந்தத் தீர்ப்பு போட்ட கோட்டைத்தான் இன்னிக்கும் எல்லாக் கோர்ட்டும் பிடிச்சுக்கிட்டு நடக்குது.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல விஷமே கிடைக்கலை, தண்டனை. இன்னொண்ணுல விஷம் கையோட கிடைச்சிருச்சு, விடுதலை. நம்ம சட்டத்துல டாக்டர் சொல்றது ஒரு நிபுணரோட கருத்து. முக்கியமான கருத்துதான், ஆனா அதுவே தீர்ப்பு கிடையாது. சாவும் சாவுக்குக் காரணமும் மத்த சங்கதி மாதிரியே நிரூபிக்க வேண்டிய சங்கதிகள்.

உடலே கிடைக்கலைன்னா? அதுக்கு நம்ம தமிழ்நாட்டு வழக்கே இருக்கு. 1991ல சேவகப்பெருமாள் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு: கொலை வழக்குல உடலைக் கண்டெடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை, செத்துப்போனதை மத்த சாட்சியத்தால நிரூபிச்சாப் போதும். இல்லைன்னா பிரேதத்தை நல்லா அழிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் தப்பிச்சுக்குவான், அரைகுறையா அழிச்சவன் மட்டும் மாட்டுவான்.

அப்போ டாக்டரே வேண்டாமா?

அவசரப்படாதீங்க. 1660ல இங்கிலாந்துல கேம்ப்டன்னு ஒரு ஊர். வில்லியம் ஹாரிசன்னு ஒருத்தர் வாடகை வசூலிக்கப் போனவர் வீடு திரும்பலை. ரத்தக்கறை பட்ட துணி கிடைச்சது, உடல் கிடைக்கலை. அவரோட வேலைக்காரன், "என் அம்மாவும் கூடப்பொறந்தவனும்தான் கொன்னாங்க"ன்னு வாக்குமூலம் கொடுத்தான். மூணு பேரையும் தூக்குல போட்டாச்சு. 1662ல ஹாரிசன் உயிரோட திரும்பி வந்து நிக்கிறார்!

அந்த மாதிரி பயத்துலதான், உடல் கிடைக்காம கொலைக்குத் தண்டிக்காதேன்னு மேத்யூ ஹேல்ங்கிற நீதிபதி எழுதி வச்சார். பஸ் பெரியவர் சொன்னதுக்கு முப்பாட்டன் அந்த விதி. பிறகு வந்த கோர்ட்டுங்க அதை இரும்புச் சட்டமா எடுத்துக்காம, எச்சரிக்கையா மட்டும் வச்சுக்கிட்டாங்க. எனக்கும் அதான் சரின்னு படுது. வதந்தியை வச்சு ஒருத்தரைத் தூக்குல போடக்கூடாது. மதுரைக்காரனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பொற்கொல்லன் பேச்சை மட்டும் நம்பி விசாரிக்காம வெட்டச் சொன்ன ராஜாவோட ஊர் இது. சிலம்பை உடைச்சு உள்ள இருந்த பரலைக் காட்டினப்புறம்தான் உண்மை தெரிஞ்சது. அதுக்குள்ள கோவலன் போயாச்சு.

நம்ம ஊரு சங்கதி

இப்ப பூனா, இங்கிலாந்து எல்லாம் விட்டுட்டு நம்ம பக்கம் வருவோம்.

உசிலம்பட்டின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது பொம்பளப் பிள்ளை சிசுக்கொலை. 1986ல 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையா போட்டப்புறம் நாடு முழுக்கத் தெரிஞ்ச விஷயம். எருக்கம்பால், கள்ளிப்பால், அரளி, நெல்லுமணி. கொல்லையில, வேலியில, களத்துல கிடைக்கிற பொருளுங்க. பொறந்த குழந்தையை வீட்டுப் பக்கத்துலயே புதைச்சுட்டா, மாசக்கணக்குல கழிச்சுத் தோண்டி எடுக்கிற உடல்ல டாக்டர் என்னத்தக் கண்டுபிடிப்பார்? 'காரணத்தைத் திட்டவட்டமாச் சொல்ல இயலாது'ன்னு எழுதுவார். அவர் நேர்மையாத்தான் எழுதுறார். 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, நிலைமையும் நிறைய மாறிச்சு. ஆனா 2020 மார்ச்ல செக்கானூரணி பக்கத்துல பொறந்து ஒரு மாசம் ஆன பொண்ணைப் புதைச்ச இடத்துல தோண்டி எடுத்து, பெத்தவங்களைக் கைது பண்ணினதா செய்தி வந்துச்சு. அந்தத் தடவை தகவல் சீக்கிரம் போயிருச்சு.

2014 அக்டோபர்ல உசிலம்பட்டிப் பக்கம் விமலாதேவி. சாதி மாறிக் கல்யாணம் பண்ணின பொண்ணு. தற்கொலைன்னு குடும்பம் சொன்னது, கொலைன்னு கணவர் சொன்னார். எது நிஜம்னு சொல்லியிருக்கக்கூடிய பிரேதப் பரிசோதனை நடக்கிறதுக்கு முன்னாடியே உடலை எரிச்சாச்சு. கணவர் ஹைகோர்ட்டுப் படியேறினார். அந்த வழக்குலதான் 2016 ஏப்ரல்ல நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், கலப்பு மணத் தம்பதிகளைப் பாதுகாக்க மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசி வசதியும் வைக்கணும்னு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனா சாம்பல் சாம்பல்தானே.

கோகுல்ராஜ் வழக்கு நேர்மாறு. 2015 ஜூன்ல பள்ளிபாளையம் பக்கத்துல தண்டவாளத்துல கிடந்த உடல். ஆரம்பத்துல தற்கொலைன்னு பேச்சு. நாமக்கல்லில இருந்து மதுரைக்கு மாத்தின வழக்கு அது. முக்கியமான சாட்சி பிறழ்சாட்சி ஆயிட்டாங்க. ஆனா திருச்செங்கோடு கோயில் கேமராவுல, யாரு யாரோட போனாங்கன்னு பதிவாகியிருந்தது. 2022 மார்ச்ல மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட பத்து பேருக்குத் தண்டனை கொடுத்துச்சு. 2023 ஜூன்ல ஹைகோர்ட்டு அதை உறுதி செஞ்சது. தண்டவாளத்துல கிடந்த உடலால "என்னை இன்னாருதான் கூட்டிட்டுப் போனான்"னு சொல்ல முடியாது. அதைச் சொன்னது கேமரா. மனுஷங்க பின்வாங்கின இடத்துல ஒரு மெஷின் நின்னுச்சு. அதை நினைச்சா எனக்குச் சந்தோஷமும் வருது, வெட்கமாவும் இருக்கு.

நான் சொல்ல வந்தது இதுதான் மக்களே. சட்டம் டாக்டரை மட்டும் நம்பிக்கிட்டு இல்லை. கடைசியா யாரோட இருந்தாங்க, முதல்நாள் என்ன சண்டை, யாருக்கு என்ன லாபம், எதுக்கு அவ்வளவு அவசரமா எரிச்சாங்க, கேட்டதுக்கு என்ன பொய் சொன்னாங்க, இதையெல்லாம் கேட்கத் தயாரா இருக்கு. நாலு சுவத்துக்குள்ள ராத்திரியில நடந்த சாவுக்கு, வீட்டுல இருந்தவங்கதான் விளக்கம் சொல்லணும்னு 2006ல உச்ச நீதிமன்றம் திரிமுக் மாரோதி வழக்குல சொல்லிருச்சு. பழைய சாட்சியச் சட்டத்துல 106, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 109. ஆனா அந்தச் சங்கிலிக்கு வேண்டிய கண்ணியெல்லாம் லேப்ல கிடைக்காது. எதிர்வீட்டுத் திண்ணையில, டீக்கடையில, அடிகுழாயடியிலதான் கிடைக்கும். நம்மகிட்டதான் இருக்கு. நாம வாயைத் திறக்கிறதில்லை. அப்புறம் "டாக்டர் சொல்லலை, கேசு நிக்கலை"ன்னு பழியைத் தூக்கி டாக்டர் தலையில போட்டுடறோம்.

எதிர்த்த தெரு அக்கா

எனக்கு அப்போ பத்து வயசு. திருமங்கலம் பக்கம் எங்க ஊரு. எதிர்த்த தெருவுல ஒரு அக்கா. பன்னெண்டாவது முடிச்சிருந்துச்சு. எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே அந்தக்காதான். ஒரு நாள் காலையில எந்திரிச்சா தெருவெல்லாம் கூட்டம். வயித்துவலியாம், ராத்திரியே போயிருச்சாம். பதினோரு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சு ஆம்பளைங்க குளிச்சுட்டுத் திரும்பிட்டாங்க. எங்க ஊர்ல கிழவி செத்தாக்கூட சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பாங்க.

மத்தியானம் சாப்பிடுறப்போ அப்பத்தாகிட்ட கேட்டேன்.

"அப்பத்தா, நேத்து ராத்திரி அந்தக்கா வீட்டுல ஒரே சத்தமா இருந்துச்சே. அந்தக்கா அழுதுச்சே?"

அப்பத்தா தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு. "சோத்தைத் தின்னு. வெளியில போய் இதைக் கேட்டேன்னு வச்சுக்க, நாக்குல சூடு வைப்பேன்."

கேட்கலை. யாருமே கேட்கலை. வி.ஏ.ஓ.வும் வயித்துவலின்னுதான் கேட்டுக்கிட்டுப் போனார். நம்ம பேப்பர்ல 'தீராத வயிற்றுவலி'ன்னு படிக்கிறப்பல்லாம் எனக்கு அந்த வீட்டு வாசல்தான் ஞாபகம் வருது.

அது கொலையா, தற்கொலையா, நிஜமாவே வயித்துவலியா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. குடல்வால் வெடிச்சுக்கூடச் செத்திருக்கலாம். அப்படின்னா இத்தனை வருஷமா ஒரு தாய் தகப்பனை நான் மனசுக்குள்ள கொலைகாரங்களா வச்சிருக்கேன். அதுவும் பாவம்தானே? ஊர்ல பாதிப்பேர் அப்படித்தான் வச்சிருந்தாங்க. அந்தம்மா கடைசிவரைக்கும் ஒரு விசேஷத்துக்கும் வெளியில வரலை. ஒரு விசாரணை நடந்திருந்தா, ஒண்ணு அந்தக்காவுக்கு நியாயம் கிடைச்சிருக்கும், இல்லை அந்த வீட்டுக்கு விடுதலை கிடைச்சிருக்கும். நீதிபதி சர்க்காரோட சந்தேகத்தை மதிக்கிறேன்னு சொன்னது இதுக்குத்தான்.

"அறுத்துப் போட்டுருவாய்ங்க"ன்னு நம்ம சனம் பயப்படுறது எனக்குத் தெரியும். பெத்த பிள்ளையை வெள்ளைத்துணியில சுத்தி வாங்குற கொடுமை சின்னது இல்லை. பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரி வாசல்ல நின்னவங்களுக்கு அது தெரியும். ஆனா அந்த அரைநாள் வேதனையைத் தவிர்க்கப் போய், ஆயுசு பூரா சந்தேகத்தைச் சுமக்கிறோம்.

அதனால நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு இளவயசுச் சாவு, காரணம் சொல்றவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க, கட்டை அடுக்குற அவசரம் கண்ணுக்குத் தெரியுதுன்னா, எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன். 100 இல்லைன்னா 112. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு தற்கொலைன்னோ, சந்தேகமான முறையிலயோ செத்தா பிரேதப் பரிசோதனைக்கும் விசாரணைக்கும் சட்டத்துல தனியாவே வழி இருக்கு. எரிச்சப்புறம் தெரிஞ்சாலும் பரவாயில்லை, பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லுங்க. பார்க்காததைச் சொல்லாதீங்க. கேம்ப்டன் வேலைக்காரன் ஆயிடாதீங்க.

அந்தப் பெரியவர் உசிலம்பட்டி வர்றதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டார். "அய்யா, எரிச்சாலும் முடியாதுங்கய்யா"ன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. பத்து வயசுல வாங்கின கிள்ளு இன்னும் வலிக்குது போல.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வேலை பார்க்கிறது கணக்கு எழுதுற இடத்துல. தீர்ப்புகளோட சாரத்தை என் பேச்சுல சொல்லியிருக்கேன். வக்கீல் நண்பர்கள் பிழை கண்டா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடுறேன். உங்க ஊர்லயும் ஒரு 'வயித்துவலி' இருந்திருக்கும். பேரு, ஊரு போடாம அதையும் எழுதுங்க.